கேள்வியை வசனம் கேட்கட்டும்: தினமும் நம்மைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி

தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பலர், படுக்கையில் சாய்ந்தபடி அன்று நடந்ததையெல்லாம் மனதுக்குள் ஓடவிடுகிறார்கள். நல்ல நாளாக இருந்தால் "நான் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை" என்று தூக்கம் வந்துவிடும். களைத்துப்போன நாளாக இருந்தால் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று புரண்டுகொண்டே கிடப்போம். இரண்டு தீர்ப்பையும் எழுதியது நம் மனநிலைதான். "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது, அதை அறியத்தக்கவன் யார்?" என்று எரேமியா 17:9 கேட்கிறது. அதை ஆராய்கிறவர் கர்த்தர் என்று அடுத்த வசனம் சொல்கிறது. அதனால்தான், நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை நாமே தயாரிக்காமல், அதை வேதத்திலிருந்து எடுக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் நேரம். நான் செவிலியர், பகல் டியூட்டி, இரவு டியூட்டி என்று மாறி மாறி வரும். சில நாட்களில் என் நாள் முடிவது காலையில். இரவு ஒன்பதரைக்கு என்று கடிகாரத்தில் குறித்து வைத்தால் எனக்கு நிலைக்காது. கடிகாரத்தை விட்டுவிட்டு, தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு இதைச் சேர்த்துவிடுங்கள். நான் யூனிஃபார்ம் மாற்றி முகம் கழுவியதும் உட்காருவேன். கால் மணி நேரம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். போனில் வேதம் வாசிக்கிறவர்கள் இந்த நேரத்துக்கு மட்டுமாவது அச்சிட்ட வேதாகமத்தை எடுத்தால் நல்லது.

அடுத்து, பகுதி. வருடத்துக்குள் வேதத்தை முடிக்கும் வாசிப்புத் திட்டம் வைத்திருந்தால் அது தனியாக நடக்கட்டும். இதற்கு நம் நடத்தையைத் தொடுகிற சிறிய பகுதி ஒன்று போதும்: எபேசியர் 4:25-32, கொலோசெயர் 3:5-17, ரோமர் 12:9-21, 1 கொரிந்தியர் 13:4-7, யாக்கோபு 3. மலைப்பிரசங்கமும் (மத்தேயு 5-7) மிக நல்லது. அதில் மட்டுமே 111 வசனங்கள், நாளுக்கு ஒன்றிரண்டாக எடுத்தால் பல வாரங்களுக்கு வரும். ஒரு பகுதியிலேயே ஒரு வாரம் தங்குங்கள். நாள் தொடங்கும்போது ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள், முடியும்போது அதே பகுதிக்கு வாருங்கள். காலையில் வாசித்த வசனம் பகலிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

உட்கார்ந்ததும் சங்கீதம் 139:23-24-ஐ ஜெபமாகச் சொல்லுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." இந்த இரண்டு வசனங்களையும் நாம் மனப்பாடமாகச் சொல்வோம், ஆனால் அந்தச் சங்கீதம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். "கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்பது முதல் வசனம். ஆராய்ந்து முடித்தவரிடம்தான் தாவீது கடைசியில் மறுபடியும் ஆராயச் சொல்கிறான். இடையில் தாயின் கர்ப்பத்தில் உருவானதையும், விடியற்காலத்துச் செட்டைகளையும், சமுத்திரத்தின் கடையாந்தரங்களையும் பேசுகிறான். எங்கே போனாலும் அவர் கை தன்னைப் பிடித்திருக்கிறது என்கிறான். அவருக்கு இன்றைக்குப் புதிதாகத் தெரியப்போவது ஒன்றும் இல்லை. நாம் சொல்லப்போவதைக் கேட்டு அவர் அதிர்ச்சியடைந்து விலகப்போவதும் இல்லை. இந்த நிச்சயம் இல்லாமல் யாரும் தன்னை உண்மையாகப் பார்க்க முடியாது, மறைக்கத்தான் பார்ப்பார்கள். அவசரமான நாளில் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

சரி, இப்போது வசனத்தைக் கேள்வியாக்க வேண்டும். எபேசியர் 4:29-ஐ எடுத்துக்கொள்வோம்: கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள் என்கிறது. "நான் நல்லபடியாகப் பேசுகிறவளா?" என்று கேட்டால் பதில் வராது. வலிக்கிறது என்று மட்டும் சொல்லும் நோயாளியிடம் எங்கே, எப்போதிலிருந்து, எதைச் செய்தால் அதிகமாகிறது என்று கேட்போம் அல்லவா, அந்த மாதிரி நெருங்கிக் கேட்க வேண்டும். இன்று காலையிலிருந்து யார் யாரிடம் பேசினேன்? வரிசையாக முகங்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் முதலில் பார்த்தவர், வழியில் சந்தித்தவர், டியூட்டி மாற்றும்போது பொறுப்பை ஒப்படைத்தவர், ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்ட நோயாளியின் மகள். ஒவ்வொரு முகத்தின் முன்னும் ஒரே கேள்வி: நான் பேசியதால் இவருக்கு என்ன பிரயோஜனம் உண்டானது? வார்த்தை சரியாக இருந்து தொனி குத்தியிருக்கலாம். சொல்ல வேண்டிய ஆறுதலைச் சொல்லாமல் கடந்து போயிருக்கலாம். "நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்" என்று யாக்கோபு 4:17 சொல்வது இந்த இடத்தில்தான் உறைக்கும்.

வாசிக்கும்போது வேறொருவர் முகம் வந்து "இது அவருக்குச் சரியாகப் பொருந்தும்" என்று தோன்றினால் உடனே நிறுத்துங்கள். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னார் (2 சாமுவேல் 12), அதைக் கேட்டு தாவீது கொதித்தெழுந்தான். அவன் தீர்ப்பில் தவறே இல்லை, ஆனால் ஆள் மாறியிருந்தது. "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்ன பிறகுதான் வெளிச்சம் வந்தது. நீண்ட நாள் விசுவாசிகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன். நமக்கு வசனமும் தெரியும், மற்றவர்களையும் தெரியும்.

குற்றத்தை மட்டும் தேடுவதும் சரியான சோதனை ஆகாது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1535-ல் தன் முடிதிருத்துநர் பேதுருவுக்கு ஜெபிக்கும் விதத்தை எழுதிக் கொடுத்தபோது, பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு விதமாகப் பார்க்கச் சொன்னார்: இது எனக்கு என்ன போதிக்கிறது, எதற்காக நன்றி சொல்லலாம், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்டு ஜெபிக்க வேண்டும். நன்றி அறிக்கைக்கு முன்னால் வருகிறது, பாருங்கள். நான் எந்த வசனத்துக்கும் இந்த வரிசையையே வைத்துக்கொள்கிறேன். எரிச்சலோடு பதில் சொல்ல வாய்திறந்த நேரத்தில் ஏதோ ஒன்று தடுத்திருந்தால், அது கிருபை. அதற்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

அப்புறம் அறிக்கை. "ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னியும்" என்ற ஜெபத்தை விட்டுவிடுங்கள். என்ன செய்தேன், யாரிடம் செய்தேன் என்று சொல்லுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐ வாய்விட்டு வாசியுங்கள், அத்தோடு அந்த விஷயத்தில் அறிக்கை முடிந்தது. அதையே நாளைக்கும் கிளறக் கூடாது. மனிதருக்குச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கலாம். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றான். மத்தேயு 5:23-24 காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. ஒரே ஒரு செயலை முடிவு செய்யுங்கள், மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும்போது காரணம் விளக்காதீர்கள்.

ஒரு நோட்டில் தேதி, வசனம், ஒரு வரி என்று எழுதி வைக்கலாம். பிறர் பெயர்களை எழுத வேண்டாம். மாதக் கடைசியில் புரட்டினால், எந்தப் பாவம் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த மாதிரி நாளில் வருகிறது என்று தெரியும். திருவிருந்துக்கு முந்தின நாள் அதை எடுத்துப் பார்ப்பது நல்லது. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்று 1 கொரிந்தியர் 11:28 சொல்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டு வராமல் இருந்துவிடுங்கள் என்று பவுல் அங்கே சொல்லவில்லை. அறிக்கையிட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள்.

விட்டுப்போன நாட்களைச் சேர்த்துச் செய்யப் பார்க்காதீர்கள். இன்றைய வசனம், இன்றைய நாள், அவ்வளவுதான்.

கடைசியாக, மென்மையான மனசாட்சி உள்ளவர்களுக்கு. ஆவியானவர் உணர்த்தும்போது ஒரு குறிப்பிட்ட செயலைக் காட்டுவார், திரும்பும் வழியையும் காட்டுவார். பெயர் இல்லாத, முடிவே இல்லாத பாரம் அவரிடமிருந்து வருவதில்லை. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்ற 1 யோவான் 3:20 அவர்களுக்காகவே எழுதப்பட்டது. மன்னிக்கப்பட்டதையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, தூக்கமும் சாப்பாடும் கெடுகிற நிலை வந்தால், போதகரிடம் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. அப்படிப்பட்டவர் சில வாரங்களுக்கு இந்தச் சோதனையை நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரோடு சேர்ந்து ரோமர் 8-ஐச் சத்தமாக வாசிக்கட்டும்.