ஒரு ஆளுக்கு ரவா உப்புமா: மைக்ரோவேவில் 12 நிமிடம்

நான் தங்கியிருக்கும் அறையில் கேஸ் அடுப்பு கிடையாது. மைக்ரோவேவும் மின்கெட்டிலும்தான். ஓட்டல் டிபன் ஒரு மாதத்தில் அலுத்துப்போக, காலையில் உப்புமா செய்ய ஆரம்பித்தேன். நான்கு நாள் தொடர்ந்து கட்டி தட்டியது. ஐந்தாம் நாள் சரியாக வந்த முறை இது.

அரை கப் ரவை, ஒன்றேகால் கப் தண்ணீர். மற்றதெல்லாம் வீட்டு உப்புமாவுக்குப் போடுவதுதான். என் மைக்ரோவேவ் 800 வாட். உங்களுடையது 700 என்றால் நிமிடத்துக்குப் பத்து நொடி கூட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரம் ஒன்றரை லிட்டர் போரோசிலிகேட் (சூடு தாங்கும்) கண்ணாடிக் கிண்ணமாக இருக்கட்டும். 'மைக்ரோவேவுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தாலும் பிளாஸ்டிக்கில் தாளிக்காதீர்கள். எண்ணெயின் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும், பிளாஸ்டிக் இளகும். மூடுவதற்குப் பீங்கான் தட்டு போதும். ஓரத்தில் தங்கக் கோடு போட்ட தட்டு மட்டும் வேண்டாம், பொறி பறக்கும்.

1. ரவையை ஒரு ஸ்பூன் நெய்யில் பிசிறி, முழு சூட்டில் 2 நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறவும். தட்டில் கொட்டி வையுங்கள்.

2. அதே கிண்ணத்தில் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு. மூடி 2 நிமிடம். கடுகில் ஈரம் குறைவு, அதனால் வெடிக்க நேரமாகும். எல்லாக் கடுகும் வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் பருப்பு கருகிவிடும். பருப்பு லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் எண்ணெய்ச் சூட்டில் சிவந்துகொண்டே இருக்கும்.

3. வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய், உப்பு. 2 நிமிடம். மிளகாயை முழுசாகப் போட்டால் வெடிக்கும்.

4. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அடுப்பில் செய்யும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், நாம் ரவையைத் தூவிக் கிளறுவோம். இங்கே கதவைத் திறந்த உடனே கொதி அடங்கிவிடுகிறது. தூவிய ரவை அடியில் போய் உட்கார்ந்து பாளமாகிவிடும். அதனால் வரிசையை மாற்றுங்கள். வெங்காயத்தோடு முதலில் ரவையைக் கலந்துவிட்டு, கெட்டிலில் கொதித்த தண்ணீரில் பாதியை ஊற்றிக் கிளறுங்கள். அது கலந்ததும் மீதியை ஊற்றுங்கள். நெய் பூசிய ரவை ஒன்றோடொன்று ஒட்டாது.

மூடியில் சிறு இடைவெளி விட்டு 2 நிமிடம் வைத்து, கிளறி, மறுபடி 1 நிமிடம். இந்தக் கிளறலை விட்டுவிடாதீர்கள். மைக்ரோவேவ் அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் நேராக இறங்கும். ஓரம் காய்ந்து போனாலும் நடுப்பகுதி வேகாமல் இருக்கும்.

அப்புறம் நன்றாக மூடி 3 நிமிடம் அப்படியே விடுங்கள். எடுக்கும்போது கொழகொழவென்றுதான் தெரியும். இந்த மூன்று நிமிடத்தில் ரவை தண்ணீரை இழுத்துக்கொண்டு உதிரும். எலுமிச்சை பிழிவது இதற்குப் பிறகு.

பின்சேர்க்கை: கெட்டில் இல்லாதவர்கள் தண்ணீரை மைக்ரோவேவிலேயே கொதிக்க வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வைக்கலாம், ஆனால் கவனம். வழவழப்பான கண்ணாடியில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழே வராமல் இருக்கக்கூடும், கரண்டி பட்டதும் பொங்கித் தெறிக்கும். மரக் கரண்டி ஒன்றை உள்ளே போட்டே சூடாக்குங்கள், நின்றதும் அரை நிமிடம் கழித்துத் தொடுங்கள். சேமியாவுக்கும் இதே வரிசைதான், அரை கப்புக்கு ஒரு கப் தண்ணீர் போதும்.