பழைய காரின் துருப்பிடித்த பிரேக் பைப்பை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

மாருதி 800 போன்ற பழைய கார்களில் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் இரும்புக் குழாய் ஏறத்தாழ 4.75 மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும். டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் 2 பார் அளவு என்றால், அவசரமாகப் பெடலை மிதிக்கும் நொடியில் இந்த மெல்லிய குழாய்க்குள் 100 பாருக்கு நெருங்கிய அழுத்தம் ஏறிவிடுகிறது. இரண்டு சுற்றுகளாகப் பிரிக்கப்பட்ட அமைப்பில் ஒரு சுற்றின் குழாய் வெடித்தால் மற்றொன்று வேலை செய்யும் என்பது உண்மைதான்; ஆனால் பெடல் திடீரென்று கீழே போய், வண்டி நிற்கும் தூரம் பெரிதும் கூடிவிடும். ஆகவே துரு கண்ணில் பட்டதுமே மாற்றிவிட வேண்டும், கசியும்வரை காத்திருக்கக் கூடாது.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டியானால், குழாயைத் தரைத்தகட்டோடு பிடித்திருக்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதி நன்றாகவே இருக்கும். கிளிப்புக்கு அடியில் சேறும் ஈரமும் உப்பும் தங்கி, அங்கேதான் குழாய் அரித்துப்போகும். பூச்சு உப்பியிருக்கும் இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்லச் சுரண்டும்போது துரு செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால், அந்தக் குழாயின் ஆயுள் முடிந்தது. கெட்ட துண்டை மட்டும் வெட்டிவிட்டு நடுவே ஒரு ஜாயின்ட் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஓர் இடத்தில் இப்படி அரித்த குழாய் அடுத்த கிளிப்பிலும் அரித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு முனையின் நட்டிலிருந்து மறு முனையின் நட் வரை முழுக் குழாயையும் மாற்றுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரெஷன் ஜாயின்ட்டுக்குப் பிரேக்கில் இடமே இல்லை.

புதுக் குழாயாகப் பூச்சுள்ள இரும்பு பிரேக் பைப்பையோ, செம்பும் நிக்கலும் கலந்த பைப்பையோ வாங்கலாம். இரண்டாவது வகை கையால் வளைக்க எளிது, துருப்பிடிக்காது; விலை கூடுதல். ஏ.சி. வேலைக்கு விற்கும் வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. நட்டுகளின் மேல் துரு நீக்கும் ஸ்பிரேயை முந்தைய இரவே அடித்து ஊறவிடுவது நல்லது. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இந்தச் சிறிய நட்டின் முனைகளை மழுக்கிவிடும். நட்டை ஏறக்குறைய முழுவதும் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும், பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவு. அப்படியும் அசையவில்லை என்றால், எப்படியும் தூக்கி எறியப்போகும் குழாய்தான் என்பதால், நட்டை ஒட்டிக் குழாயை வெட்டிவிட்டு ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனரை முழுதாக மாட்டித் திருப்பலாம். கழற்றிய துளைகளை உடனே ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். சிந்திய இடத்தை அப்போதே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பழைய குழாயை முடிந்தவரை வளைவு கெடாமல் எடுத்து, அதன் மேல் ஒரு நூலை ஒட்டி வைத்து நீளம் பார்த்து, சில சென்டிமீட்டர் கூட்டிப் புதுக் குழாயை வெட்டுங்கள். ரம்பம் கூடாது, சிறிய பைப் கட்டரைச் சுற்றுக்குச் சுற்று கொஞ்சமாக இறுக்கி வெட்டினால் முனை நேராக வரும்.

வேலையின் உயிர் அடுத்த கட்டத்தில், அதாவது குழாயின் முனையை விரிக்கும் ஃப்ளேரில் இருக்கிறது. கசிவைத் தடுப்பது மரை அல்ல. நட் அழுத்தும்போது அந்த விரிந்த முனை எதிர்ப்புறத்தில் படிந்து உட்காருவதுதான். முதலில் பழைய குழாயின் முனையைப் பாருங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்களில் பொதுவாக உலோகம் உள்ளே மடிந்து இரட்டைச் சுவராக இருக்கும் டபுள் ஃப்ளேரையும், ஐரோப்பிய கார்கள் பலவற்றில் குமிழ் போன்ற முனையையும் காணலாம். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றைப் போடக் கூடாது. ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கருவி ஒற்றைச் சுவர் ஃப்ளேரையே போடும். பிரேக் அழுத்தத்தில் அது பிளந்துவிடும் என்பதால், இரவல் வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

வெட்டிய முனையின் வெளி விளிம்பை அரத்தால் லேசாகச் சரித்து, உள் பிசிறை நீக்கி, தூளை ஊதி வெளியேற்றுங்கள். ஃப்ளேர் போடும் முன்பே நட்டைச் சரியான திசையில் குழாயில் கோத்துவிட வேண்டும். ஃப்ளேர் கருவியில் குழாயைக் கவ்விப் பிடிக்கும் துளையுள்ள கட்டையான டையில் குழாயை இறுக்கி, முனையில் செருகும் சிறு துண்டான அடாப்டரின் படி உயரம் எவ்வளவோ அவ்வளவு மட்டுமே முனை வெளியே நிற்கும்படி வைத்து, ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி, அடாப்டர் டையில் முட்டும்வரை அழுத்துங்கள். பிறகு அடாப்டரை எடுத்துவிட்டுக் கருவியின் கூம்பால் மீண்டும் அழுத்தினால் முனை உள்ளே மடியும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: மயிரிழை விரிசலோ, ஒரு பக்கச் சாய்வோ இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போட வேண்டும். கழிவுத் துண்டில் பழகிக் கை பதிந்த பிறகே உண்மைக் குழாயில் போடுவது நல்லது. ஒரு முனையை முடித்து, அங்கிருந்து பழைய வடிவத்தைப் பார்த்து வளைத்துக்கொண்டே போய், மறுமுனையைக் கடைசியில் அளவு வெட்டி ஃப்ளேர் போடுங்கள்; முனையருகே நட்டும் டையும் பிடிக்கும் அளவுக்கு நேரான பகுதி இருக்க வேண்டும்.

நட்டுகளைப் பல சுற்றுகள் விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு இறங்காத மரையை ஸ்பேனரால் வற்புறுத்தினால் மாஸ்டர் சிலிண்டரே (பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் பாகம்) பாழாகும். இறுக்கம் 15 நியூட்டன் மீட்டர் அளவு போதும். குழாய் சைலன்சரை நெருங்காமலும், அசையும் பாகங்களில் உரசாமலும், எல்லாக் கிளிப்புகளிலும் உட்கார்ந்தும் இருக்க வேண்டும்.

இனி ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பிரேக் ஆயில் டேங்க்கின் மூடியில் குறித்துள்ள ஆயிலையே, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். திறந்து கிடந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, கொதிநிலை இறங்கிப்போயிருக்கும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கலாம். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். சக்கரத்தின் பிரேக்கில் காற்றை வெளியேற்ற இருக்கும் சிறு திருகான நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுக்கும் முன்பே மூட வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரானால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். பெடல் அடிவரை போனால், இதுவரை போகாத துருப்பகுதியில் ரப்பர் வாஷர் உரசிக் கிழிந்துவிடும். குமிழ் வருவது நிற்கும்வரை தொடருங்கள். டேங்க்கில் ஆயில் வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டிகளுக்கு, அந்த அமைப்பை இயக்கும் ஸ்கேனர் கருவி தேவைப்படுவதுண்டு. அவற்றை ஒர்க்‌ஷாப்பில் விடுவதே சரி.

முடிவில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். பூஸ்டர் (எஞ்சின் உதவியால் பெடல் மிதியின் விசையைக் கூட்டும் பாகம்) உள்ள காரில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பெடல் சற்று இறங்குவது இயல்பு. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனாலோ, பஞ்சு போலிருந்தாலோ வண்டியை எடுக்கக் கூடாது. சரியாக இருந்தால், ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் பிரேக் ஆயில் டேங்க்கின் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாமல், ஈரம் எங்கே என்று ஜாயின்ட் ஜாயின்ட்டாகத் தேடிக் கண்டுபிடியுங்கள்.