குடும்பத்தின் வயதுக் கணக்கைப் போடுவது எப்படி?

தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8 ஆகும். மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்க இந்த எண் 2.1 ஆக இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 2031இல் அது 18 விழுக்காட்டைத் தொடும் என்பது ஒன்றிய அரசின் கணிப்பு. இத்தகைய எண்களைப் படித்துவிட்டு நாட்டைப் பற்றிக் கவலைப்படுகிற நாம், அதே மாற்றம் நம் வீட்டில் எந்த ஆண்டில், யார் தலையில் வந்து இறங்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு தாள் போதும்.

தாளின் இடப்பக்கத்தில் குடும்பத்தார் பெயர்களை எழுதுங்கள். பெற்றோர், மாமனார், மாமியார் ஆகியோருடன், நாளை உங்களை நம்பி இருக்கக்கூடிய பிள்ளையில்லாத சித்தப்பா, மணமாகாத அத்தை போன்றோரையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் நேரே இன்றைய வயதையும், ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து வரும் வயதையும் குறியுங்கள். எடுத்துக்காட்டாக, 38 வயதுப் பெண் ஒருவர் தம் பெற்றோருக்கு ஒரே மகள். அவருடைய கணவர் 41 வயதானவர், அவரும் ஒரே மகன். பெண்ணின் பெற்றோருக்கு 66, 62, கணவரின் பெற்றோருக்கு 70, 65, குழந்தைக்கு 7. பத்தாண்டுக் கட்டத்தைப் பாருங்கள்: பெரியவர்கள் நால்வரும் எழுபதைத் தாண்டியிருப்பார்கள், குழந்தை பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக் கட்டணத்துக்கு வந்து நிற்கும், சம்பாதிப்பவர்கள் அதே இருவர்தான். நான்கைந்து பிள்ளைகள் இருந்த முந்தைய தலைமுறையில் பலர் தோளில் பிரிந்த சுமை, இங்கே ஒரே ஆண்டில் இருவர் மீது விழுகிறது. இத்தகைய நெருக்கடி ஆண்டுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வீட்டுக் கடன், பணி மாற்றம், வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றை அவற்றோடு ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

அடுத்த கட்டத்தில் பணத்தை அல்ல, நேரத்தை எழுத வேண்டும். மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வார், இரவில் யார் உடனிருப்பார், அவர் எத்தனை மணி நேரத் தொலைவில் வசிக்கிறார் என்று நிரப்புங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கட்டம் முழுவதும், யாரும் கேட்காமலேயே, ஒரு பெண்ணின் பெயரால் நிரம்பிவிடும் என்பது என் கணிப்பு. அப்படியானால் அவர் வேலையை விட நேர்ந்தால் இழக்கும் ஊதியத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் குடும்பச் செலவாகவே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உடன்பிறப்பு எதை ஈடு செய்ய வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் நேர்மையாகத் தொடங்கும்.

மனைவி பொதுவாகக் கணவரைவிட இளையவர், நீண்ட காலம் வாழ்பவரும் கூட. எனவே கடைசி ஆண்டுகள் பெரும்பாலும் தாயின் தனிமை ஆண்டுகளாகவே அமைகின்றன. வங்கிக் கணக்கு ‘இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் உள்ளதா, வைப்புத் தொகைக்கு வாரிசு நியமனம் இருக்கிறதா, குடும்ப ஓய்வூதியத்துக்கான ஆவணங்களில் அவர் பெயர் பிழையின்றி உள்ளதா என்பதைத் தந்தை நலமாக இருக்கும்போதே சரிபாருங்கள்.

சொத்தைப் பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். எழுதாத நிபந்தனையை மெய்ப்பிப்பது கடினம். மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அளிக்கலாம்.

அரசு உதவிகளைத் தாளின் ஓரத்தில் குறித்தால் போதும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு, வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். முதியோர் உதவி எண் 14567.

கடைசியாக, குழந்தையின் பெயரில் தனித்தாள் ஒன்று போடுங்கள். மேற்சொன்ன வீட்டில் குழந்தைக்கு 45 வயதாகும்போது தாய்க்கு 76, தந்தைக்கு 79. அந்த ஆண்டுகளுக்கான சேமிப்பை இன்றே தனிக் கணக்கில் பிரித்து வைத்து, திருமணம், பணியிட மாற்றம், பெரிய அறுவை சிகிச்சை என எது நேர்ந்தாலும் இரு தாள்களையும் திருத்தி, உடன்பிறந்தோர் அனைவருக்கும் ஒரு படி அனுப்பிவிடுங்கள்.