இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவே கோடு எங்கே போடுவது?

செயலி, பாட வீடியோ, செய்திமடல் என எதைத் தயாரித்தாலும் "முதலில் இலவசமாகக் கொடுத்துக் கூட்டம் சேர்ப்போம், காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்குபவர்கள்தான் அதிகம். அந்த 'அப்புறம்' வருவதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். எதை இலவசமாகத் தருவது, எந்த இடத்தில் கட்டணம் தொடங்குவது என்பதை வெளியிடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு

ஒரு இலவசப் பயனருக்கு மாதம் என்ன செலவாகிறது என்று பாருங்கள். சர்வர் வாடகை, சேமிப்பிடம், அவர் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் ஆளின் சம்பளம் ஆகிய மூன்றையும் கூட்டி, பயனர் எண்ணிக்கையால் வகுங்கள். பலரும் மறப்பது ஓடிபி குறுஞ்செய்திச் செலவை. இலவசப் பயனர்கள் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குறுஞ்செய்திக்கு உங்கள் காசு போகும்.

அடுத்து வரவு. மாதச் சந்தா ₹149, அதற்குள்ளேயே 18% ஜிஎஸ்டி அடங்கியது என்று வைத்துக்கொள்வோம். வரி போனால் ₹126. கூகுள் பிளே வழியாக விற்றால் 15% கட்டணமும் போய்க் கையில் நிற்பது சுமார் ₹107. நூறு பேரில் இரண்டு பேர் சந்தா கட்டினால் ₹214. அதாவது தலைக்கு ₹2.14. ஒரு பயனருக்கு நீங்கள் செலவிடக்கூடிய உச்சவரம்பு இந்த ஒரு எண்தான். பயனர்கள் 10,000 பேர் என்றால் மாதம் வருவது ₹21,400. தலைக்கு ஒரு ரூபாய் செலவானால் ₹11,400 மிஞ்சும். மூன்று ரூபாய் செலவானால் ₹8,600 நஷ்டம். இந்த நிலையில் விளம்பரம் செய்து ஆள் சேர்த்தால் நஷ்டம்தான் பெருகும். இரண்டு சதவீதத்துக்குப் பதில் ஐந்து என்று போட்டுக் கணக்கை அழகாக்கிக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் உண்மையில் எத்தனை பேர் கட்டினார்கள் என்று பார்த்து அந்த எண்ணையே போடுங்கள்.

வீடியோ தருபவர்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் உடையும். நல்ல தரத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறக்குறைய ஒரு ஜிபி. அதை உங்கள் சர்வரிலிருந்து ஓடவிட்டால் ஒருவர் ஒரே பாடத்தைப் பார்த்தாலே உச்சவரம்பு தாண்டிவிடக்கூடும். அதனால் இலவச வீடியோக்களை யூடியூபில் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஓட்டும் செலவு அவர்களுடையது. 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருவாயில் பங்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். நீள வீடியோக்களில் 55% உங்களுக்கு. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வரும் என்பதால் அதை நம்பி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள். பயிற்சித்தாள், திருத்தித் தரும் விடைகள், நேரலை வகுப்பு ஆகியவற்றை மட்டும் சொந்தத் தளத்தில் கட்டணத்துக்கு வையுங்கள்.

கோடு எங்கே விழ வேண்டும்

பயனர் வளர்ந்து வந்து தொடும் இடத்தில். சென்னையைச் சேர்ந்த ஜோஹோவின் இலவச மின்னஞ்சல் திட்டத்தைப் பாருங்கள். ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி, சொந்த டொமைன் (இணைய முகவரி) பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி. இரண்டு பேர் நடத்தும் கடைக்கு இது தாராளம். எதுவும் குறைவதாகத் தோன்றாது. ஆறாவது ஆளை வேலைக்கு எடுக்கும்போதுதான் கட்டணம் கேட்கும். அதற்குள் அந்தக் கடைக்கு வருமானமும் வந்திருக்கும், பழைய கடிதப் போக்குவரத்து முழுக்க அங்கேயே இருக்கும். இதற்கு நேர்மாறாக, பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிரிண்ட் எடுக்கக் காசு கேட்கும் செயலிகள் உண்டு. வேலை முடியும் முன்பே மறித்தால் ஆள் திரும்பி வரமாட்டார்.

கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் சேவையான டிராப்பாக்ஸ் 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தது. நண்பர் ஒருவரைச் சேர்த்தால் இருவருக்கும் 500 எம்பி கூடுதல், அதிகபட்சம் 16 ஜிபி வரை. பரிசாகப் பணம் தராமல் தன்னிடம் மலிவாக இருந்த சேமிப்பிடத்தைத் தந்தது இதில் கவனிக்க வேண்டியது. அதிகம் நிரப்பியவர்கள்தான் அடுத்துக் கட்டணத் திட்டத்துக்கு வருவார்கள். நீங்களும் பரிந்துரைக்குக் கேஷ்பேக் தராதீர்கள். காசுக்காகப் போலிக் கணக்குகள் குவியும்.

தாராளம் எல்லை மீறினாலும் ஆபத்துதான். 2015-ல் வரம்பில்லாப் படச் சேமிப்பு என்று தொடங்கிய கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களை 15 ஜிபி இலவச வரம்புக்குள் கணக்கிடத் தொடங்கியது. கூகுளாலேயே அதைத் தொடர முடியவில்லை. 'எப்போதும் இலவசம்', 'வரம்பே இல்லை' என்ற சொற்களை உங்கள் பக்கத்தில் எழுதவே எழுதாதீர்கள். ஜியோ 2016 செப்டம்பரிலிருந்து 2017 மார்ச் வரை டேட்டாவை இலவசமாகக் கொடுத்ததை முன்மாதிரியாக எடுக்கவும் வேண்டாம். அது பெருமுதல் இருப்பவர் சந்தையைப் பிடிக்கும் வழி.

மென்பொருளையே முழுதாகத் திறந்து கொடுப்பவர்களுக்கு, லினக்ஸ் மென்பொருள் நிறுவனமான ரெட் ஹாட்டின் பாதை உண்டு. மூலநிரல் (மென்பொருளை உருவாக்கும் நிரல்வரிகள்) யாரும் எடுக்கும்படி திறந்தது, நிறுவனங்கள் பணம் கட்டுவது சோதித்த புதுப்பிப்புகளுக்கும், சிக்கல் வந்தால் பொறுப்பேற்கும் ஆளுக்கும். 2019-ல் ஐபிஎம் அதை 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆனால் இந்த வழி, சிஸ்டம் நின்றால் நஷ்டப்படும் நிறுவனங்கள் உங்கள் வாடிக்கையாளர்களாக இருந்தால் மட்டுமே நடக்கும்.

காசு வசூலாகும் இடம்

இந்தியாவில் தானியங்கிச் சந்தாவுக்கு ரிசர்வ் வங்கி விதி உண்டு. ₹15,000 வரையிலான தொகையை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் எடுக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். ஆகவே பயன்படுத்தாதவர் மாதாமாதம் அந்தச் செய்தியைப் பார்த்து ரத்து செய்வார். மறதியால் வரும் வருமானத்தை எண்ணித் திட்டம் போட முடியாது. பத்து மாத விலையில், அதாவது ₹1,490-க்கு, ஆண்டுத் திட்டம் ஒன்றை வையுங்கள். மாதச் சந்தாவுக்கு, தானாகவே பணம் எடுக்கும் யூபிஐ ஆட்டோபே வசதியைக் கொடுங்கள். கணக்கில் பணமில்லாமல் தவறினால் உடனே சேவையை வெட்டாமல் மூன்று நாள் அவகாசம் தந்து மறுபடி முயலுங்கள். சம்பளத் தேதிக்கு முன்னால் இப்படித் தவறுவது சகஜம்.

ரத்து செய்யும் பொத்தானை ஒளிக்காதீர்கள். 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சந்தாவை ரத்து செய்ய விடாமல் சிக்கவைப்பதைத் தடை செய்யப்பட்ட தந்திரங்களில் ஒன்றாகவே பட்டியலிடுகின்றன. பிற்பாடு இலவச வரம்பைக் குறைக்க நேர்ந்தால் புதிதாக வருபவர்களுக்கு மட்டும் குறையுங்கள். பழையவர்களுக்கும் குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே அறிவித்து, அவர்களுடைய தரவு முழுவதையும் தரவிறக்கிக்கொள்ளும் வசதியை அந்த அறிவிப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.