கீமோவுக்கு அட்மிட் ஆகும்போதும், வீட்டுக்கு வந்த பிறகும்

அம்மாவுக்குப் புற்றுநோய்க்காகக் கொடுத்த ஆறு சுற்று கீமோவுக்கும் (கீமோதெரபி மருந்து சிகிச்சை) கூடவே இருந்தேன், அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பையில் பழைய ரிப்போர்ட்கள், காப்பீட்டு அட்டை, ஆதார், முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான நைட்டி, ஒரு போர்வை, சார்ஜர் இருந்தால் போதும். மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், சில மருந்துகள் நரம்பைவிட்டுக் கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். குமட்டல் மாத்திரையை வாந்தி வரும்வரை தள்ளிப்போடாமல் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். பல மருந்துகளில், மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும், அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தயவுசெய்து ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள், அது காய்ச்சலை மறைக்கும், உள்ளே கிருமி பரவிக்கொண்டே இருக்கும். ஒரு நல்ல தெர்மாமீட்டர் கட்டாயம் வாங்குங்கள்.

மருந்து ஏறிய பிறகு முதல் 48 மணி நேரம், நோயாளி டாய்லெட் போய்வந்ததும் அதன் மூடியை மூடிவைத்து இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் துவையுங்கள். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்கலாம்.

சாப்பாடு சூடாக, அப்போதே செய்ததாக இருக்கட்டும்: இட்லி, குழைந்த ரசம் சாதம், நன்றாக வெந்த முட்டை. வெளியில் விற்கும் ஜூஸ் வேண்டவே வேண்டாம். அப்புறம், பார்க்க வரும் சொந்தக்காரர்களில் சளி இருமல் உள்ளவர்களிடம், மனசு சங்கடமாக இருந்தாலும், "போனில் பேசுங்க சித்தி" என்று சொல்லிவிடுங்கள்.