விதியைக் கேட்காமல் வரையும் அட்டவணைகள்: தரவுத்தள வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் நடக்கும் ஒரு ரியூட்டரிக்கு (தனியார் வகுப்பு நிலையத்துக்கு) தரவுத்தளம் அமைத்துத் தரும்படி கேட்டால், நம்மில் பலர் அன்றிரவே மாணவர், ஆசிரியர், வகுப்பு என்று மூன்று அட்டவணைகளைக் கீறிவிடுவோம். அங்கே காசு வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதும் பிள்ளையிடம் அரைமணி நேரம் பேசியிருந்தால் அந்த மூன்றில் ஒன்றுகூட அப்படியே நின்றிருக்காது. "ஒரு மாணவர் ஒரே வகுப்பில் இரண்டு முறை சேரலாமா?", "ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கலாமா?" போன்ற கேள்விகளுக்கான விடைகளை முழு வாக்கியங்களாக எழுதிக்கொண்ட பிறகே அட்டவணையைத் தொட வேண்டும் என்பது என் கட்சி. கீழே சொல்லும் தவறுகளிற் பெரும்பாலானவை அந்த வாக்கியங்களை எழுதாமல் விட்டதால் வந்தவை.

முதலாவது, அட்டவணையின் ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி. தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆளுக்கொன்றுதானே என்று அதையே மாணவர் அட்டவணையின் சாவியாக்குபவர்கள் உண்டு. எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளைகளிடம் அடையாள அட்டையே இருக்காது. ஆசிரியர்களிடம் இருக்கிறது என்றாலும் அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஈற்றில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் கொண்டது; 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு எண்கள் கொண்டது. பழையதன் முன்னால் 19ஐச் சேர்த்து, வரிசை எண்ணுக்கு முன்பு ஒரு பூச்சியத்தை இட்டு, ஈற்றெழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைத்துவிடும். ஆகவே பழைய அட்டையைக் காட்டிப் பதிந்த ஆசிரியர், புதிய அட்டை எடுத்த பின்னர் மீண்டும் பதியப்பட்டால், ஒரே மனிதர் இரண்டு நிரைகளில் (கிடைவரிசைகளில்) இருப்பார். தரவுத்தளமோ இரண்டும் வேறு வேறு இலக்கங்கள் என்று எந்த முறைப்பாடும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். சாவிக்குப் பொருளற்ற ஓர் எண்ணை வைத்துவிட்டு, அடையாள அட்டையை ஒரே வடிவத்துக்கு மாற்றித் தனி நிரலில் (நெடுவரிசையில்) சேமித்து, ஒரே பெறுமானம் இருமுறை வராமல் தடுக்கும் 'யுனீக்' கட்டுப்பாட்டை அதற்கு இடுவதே பாதுகாப்பானது.

கட்டுப்பாடு குறைவதைப் போலவே கூடுவதும் கெடுதிதான். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் தொலைபேசி இலக்கத்துக்கு 'யுனீக்' போட்டிருந்தார்கள். அண்ணனும் தங்கையும் அங்கேயே படித்தார்கள். இருவருக்கும் அம்மாவின் கைபேசி இலக்கமே கொடுக்கப்பட்டது. தங்கையின் படிவம் சேமிக்க மறுத்ததும், முன்மேசையில் இருந்தவர் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றித் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதன் பிறகு தங்கை வகுப்புக்கு வராத நாட்களிலெல்லாம் குறுஞ்செய்தி யாரோ ஒரு அந்நியருக்குப் போய்க்கொண்டிருந்தது. விதி பிழையென்றால் மனிதர்கள் அதைச் சுற்றிப் போவார்கள். அப்படிப் போகும்போது பொய்த் தரவு உள்ளே வரும். அம்மா ஒரு தனி உருபொருள் (தனக்கென அட்டவணை கொண்டவர்), பிள்ளைகள் பலர் அவரோடு தொடர்புடையவர்கள் என்று வரைந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

உயர்தரத்துக்கு மூன்று பாடங்கள்தானே என்று 'பாடம்1, பாடம்2, பாடம்3' என மூன்று நிரல்கள் வைப்பது இன்னொரு வழமையான தவறு. ரியூட்டரிப் பிள்ளை ஒரே இரசாயனவியலுக்குத் தியரி ஒருவரிடமும் ரிவிஷன் இன்னொருவரிடமும் போகும். நான்காவதை எங்கே எழுதுவது? இங்கே தேவைப்படுவது மாணவருக்கும் வகுப்புக்கும் இடையே 'சேர்க்கை' என்ற தனி அட்டவணை. 1976இல் பீட்டர் சென் முன்வைத்த உருபொருள்-உறவு வரைபடத்தில் உறவுக்கும் பண்புகள் உண்டு. நாமோ உறவைக் குறிக்கும் சாய்சதுரத்தைக் கீறிவிட்டு, சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் அந்த உறவுக்கே உரியவை என்பதை மறந்துவிடுகிறோம். சேர்க்கையின் சாவியாக மாணவர் எண்ணையும் வகுப்பு எண்ணையும் மட்டும் இணைத்தாலும் போதாது. சித்திரையில் நின்ற பிள்ளை ஆவணியில் திரும்பி வந்தால் அந்தச் சாவி வழிமறிக்கும். விலகிய திகதி வெறுமையாக உள்ள நிரைகளுக்கு மட்டும் 'யுனீக்' பொருந்தும்படி போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பகுதிச் சுட்டி அமைக்கலாம்.

ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்ற பாடத்தைக் கண்மூடிப் பின்பற்றுவதும் இடறும். கட்டணம் வகுப்பு அட்டவணையில் மட்டுமே இருந்தால், அது உயர்ந்த அன்றே சென்ற வருடப் பற்றுச்சீட்டுகளும் உயர்ந்துவிடும். புறக்கோட்டைக் கடையொன்றின் பழைய பற்றுச்சீட்டை இன்று எடுத்துப் பார்த்தால், 2023இல் நடந்த விற்பனைக்கு வற் (பெறுமதி சேர் வரி) 15 சதவீதமாகவே தெரிய வேண்டும், 2024 ஜனவரி 1 முதல் வந்த 18 ஆக அல்ல. அன்றைய விலையும் வீதமும் அந்தக் கொடுக்கல்வாங்கலின் உண்மைகள். அவற்றை அங்கேயே எழுதுவது இரட்டிப்பு ஆகாது. பணத்துக்கு, பின்னங்களைத் தோராயமாகச் சேமிக்கும் 'புளோட்' வகையைப் பயன்படுத்த வேண்டாம், தசமங்களை அப்படியே சேமிக்கும் 'டெசிமல்' போதும்.

கட்டுப்பாடு எழுதியாயிற்று என்பதற்காக அது வேலை செய்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள், பெறுமானம் நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் 'செக்' விதியை வாசித்துவிட்டுப் பேசாமல் புறக்கணித்தன; எஸ்கியூலைட் என்ற இன்னொரு மென்பொருளில், ஓர் அட்டவணை சுட்டும் நிரை மற்ற அட்டவணையில் உண்மையில் உள்ளதா என்று பார்க்கும் அந்நியச் சாவிச் சோதனையை ஒவ்வோர் இணைப்பிலும் நாமே இயக்க வேண்டும். கட்டணம் பூச்சியத்தைவிடக் கூட என்று 'செக்' இட்டாலும், வெற்றுப் பெறுமானம் (நல்) அதைத் தாண்டி உள்ளே வரும். ஏனெனில் விடை 'பொய்' என்றால் மட்டுமே அது தடுக்கும், 'தெரியாது' என்றால் விட்டுவிடும். எனவே வெறுமையை மறுக்கும் 'நொட் நல்' விதி தனியாக வேண்டும்.

மண்டப ஒதுக்கீட்டில் மண்டபத்தையும் தொடக்க நேரத்தையும் சேர்த்து 'யுனீக்' ஆக்கினால் 4 மணி முதல் 6 மணி வரையான வகுப்பும் 5 மணி முதல் 7 மணி வரையான வகுப்பும் ஒரே மண்டபத்தில் அமைதியாகப் பதிவாகும். செயலியில் சோதிக்கலாமே என்றால், இரண்டு மேசைகளில் இருவர் ஒரே கணத்தில் பதியும்போது இருவருக்குமே மண்டபம் காலி என்றுதான் தெரியும். போஸ்ட்கிரஸில் நேர இடைவெளிகள் மேற்பொருந்துவதைத் தடுக்கும் விலக்குக் கட்டுப்பாடு இதற்காகவே இருக்கிறது.

நீக்குதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவருக்கும் கொடுப்பனவுக்கும் இடையிலான அந்நியச் சாவியில் 'காஸ்கேட்' இட்டால், படிப்பை விட்ட பிள்ளையை யாரோ பட்டியலிலிருந்து நீக்கும் நாளில் அவர் கட்டிய காசின் பதிவுகளும் கூடவே போய்விடும். மாதமுடிவில் பற்றுச்சீட்டுக் கொப்பியும் திரையும் வேறு வேறு தொகையைச் சொல்லும். அங்கே, தொடர்புடைய பதிவுகள் இருக்கும்வரை நீக்கவிடாத 'ரெஸ்ட்ரிக்ட்' இருக்கட்டும். விலகியவருக்கு விலகிய திகதியை எழுதினாற் போதும்.