ரொறன்ரோ வீட்டுத்தோட்டம்: புதிதாகத் தொடங்குவோர் விடும் பிழைகள்

செடி வளரவில்லை என்றதும் பலர் உரப்பையைத்தான் தேடுகிறார்கள். ரொறன்ரோவில் கத்தரியும் மிளகாயும் உரம் போதாமல் கைவிடுவது அபூர்வம். இரவுக் குளிரையும் பகல் நீளத்தையும் கவனியாமல் ஊர்க்கணக்கில் நடுவதால் வரும் வினைதான் அதிகம்.

ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் வெயில் எறித்தால் போதும், கன்று விற்கும் கடைகளில் சனம் நிறைந்துவிடும். ஆனால் மே நடுப்பகுதி வரை உறைபனி விழக்கூடும். விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தைய திங்கள், தாண்டும்வரை தக்காளியைக்கூட வெளியே வைக்க வேண்டாம். கத்தரி, மிளகாய், வெண்டிக்கு இன்னும் பொறுக்க வேண்டும்; இரவில் 12 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் வரட்டும். பெரும்பாலும் ஜூன் முதல் வாரமாகிவிடும். குளிர்ந்த மண்ணில் நட்ட கத்தரி சாகாது. வேர் ஓடாமல் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும், அதற்குள் தெள்ளுவண்டு இலையைச் சல்லடையாக்கிவிடும். பிந்தி நட்ட கன்று அதை முந்திவிடும்.

கோடை குறுகியது என்பதால் மிளகாய், கத்தரி விதைகளை மார்ச் நடுவிலேயே வீட்டுக்குள் போட வேண்டும். தக்காளிக்கு ஏப்ரல் தொடக்கம் போதும். வெண்டி, பாகல் விதைகளை மே தொடக்கத்தில் காகிதக் கோப்பையில் போட்டுக் கோப்பையோடு நடுங்கள், வேர் கலைந்தால் அவற்றுக்குப் பிடிக்காது. யன்னலோர வெளிச்சத்தை மட்டும் நம்பினால் நாற்று நூலாக நீண்டு சாயும். எல்இடி விளக்கை நாற்றின் தலைக்கு மேல் 5 முதல் 10 சென்டிமீட்டரில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். தண்டு மண்மட்டத்தில் சூம்பி, ஒரே இரவில் நாற்றெல்லாம் படுத்துவிட்டால் அது பூஞ்சண நோய். தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டதும், ஈரம் காயுமுன் தண்ணீர் ஊற்றியதும்தான் காரணமாயிருக்கும். விதை முளைக்கப் போடுவதற்கென்றே விற்கும் கலவையை வாங்கிப் பயன்படுத்துங்கள், தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள்.

வீட்டுக்குள் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காகிதம்போலாகும். முதல்நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாள் பழக்கியபின் நடுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது அவரை. பந்தல் நிறையப் படரும், இலை கரும்பச்சையாக இருக்கும், ஒரு பூ இராது. உரம் கூடிவிட்டதோ, விதை மலடோ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆடியில் விதைத்துத் தைப்பொங்கலுக்குக் காய் பறிக்கும் பந்தல் அவரை, பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலத்துக்குக் கீழே சுருங்கினால்தான் பூக்கும். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். அது 12 ஆகக் குறைவது செப்டம்பர் கடைசி வாரத்தில். மொட்டு வைத்துப் பிஞ்சு பிடிக்குமுன் அக்டோபர் உறைபனி கொடியைக் கருக்கிவிடும். பந்தலுக்குப் பக்கத்தில் முற்றத்து விளக்கு இரவு முழுதும் எரிந்தால் இன்னும் பிந்தும். இத்தகைய பயிருக்குத் தேவை நீண்ட, இடையறாத இருட்டு.

ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து தினமும் மாலை ஆறு முதல் காலை எட்டு வரை சாடியோடு இருட்டுக் கராஜில் வைத்தும் பூக்க வைக்கலாம். மொட்டுக் கண்டபின்னும் செப்டம்பர் நடுவரை விடாமல் செய்ய வேண்டும். படர்ந்த கொடியோடு இந்தப் பாடு யாருக்கு? பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் குற்றவரை (படராமல் செடியாக நிற்கும் அவரை) இனங்களை நடுவதே புத்தி. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை 3, 4 அந்த வகை. சிறகவரையிலும் இதே சிக்கல் உண்டு. பயிற்றங்காயில் பல இனங்கள் இந்தத் தொல்லை தராமல் காய்க்கும்.

பாகலிலும் சுரையிலும் முதலில் ஆண்பூக்களே வரும், பயப்பட வேண்டாம். பெண்பூவின் அடியில் குட்டிப்பிஞ்சு இருக்கும். அது பழுத்து விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். சுரைப்பூ மாலையில் விரிவதால் தேனீயை நம்பியிருக்க முடியாது. பொழுதுபடும் நேரம் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். பாகலுக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும்.

கறிவேப்பிலைச் சாடியை, இரவு 10 பாகைக்குக் கீழே இறங்குமுன், செப்டம்பரிலேயே உள்ளே எடுத்துவிடுங்கள். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாவிட்டால் சிலந்திப்பேனும் செதிற்பூச்சியும் சேர்ந்தே குடிவரும். குளிர்காலத்தில் இலை கொட்டுவது வழமை. கொட்டுகிறதே என்று தண்ணீரும் உரமும் ஊற்றுவதால்தான் மரம் சாகிறது. மேல்மண் 5 சென்டிமீட்டர் காய்ந்தபிறகே தண்ணீர்; நவம்பர் முதல் பெப்ரவரி வரை உரம் வேண்டாம். சாடி மாற்றும்போது முந்தியதைவிட 5 சென்டிமீட்டர் அகலமானது போதும், பெரிய சாடியில் ஈரம் காயாமல் வேர் அழுகும்.

ஊரிலிருந்து மண்ணோடு கன்று கொண்டுவர எண்ணாதீர்கள், எல்லையில் பறித்துவிடுவார்கள். பூச்சிமருந்தும் வேண்டாம், வீட்டுத்தோட்டங்களில் இரசாயனப் பூச்சிமருந்துகளுக்கு ஒன்ராறியோவில் 2009 முதல் கடும் கட்டுப்பாடு உண்டு.

பாத்தி வெட்டுமுன் வேலிக்கு அப்பாலும் ஒருதரம் பாருங்கள். பக்கத்து வளவில் கறுப்பு வால்நட் மரம் நின்றால் அதன் வேர் கக்கும் நஞ்சில் தக்காளியும் கத்தரியும் மிளகாயும், தண்ணீர் இருக்கும்போதே வாடிச் சாகும். அந்த இடத்தில் பெரிய சாடிகளில்தான் நட வேண்டும். உதிரும் இலையும் காயும் சாடிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.